காற்றில்லாமல் ஓடும் டயரும் கடையில்லாத ஊரும்

கடன் கொடுக்கல் வாங்கல், திரும்பி வரும் காசோலைகள், கடை வாடகை என்று எழுதப்பட்டு வரும் இந்தப் பத்தியில் இவ்வாரம் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். டயரில் வியாபாரிகளுக்கு என்ன பாடம் இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஊர் ஊராகச் சரக்குக் கொடுத்து, ஊர் ஊராகக் காசு சேர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வாகனம் என்பது சில்லுப் பூட்டிய கடைதான். அது ஒரு நாள் நின்றால் கடையை ஒரு நாள் பூட்டியதற்குச் சமம். ஆகவே இதுவும் வியாபார விடயமே.

எனது தொழில் மீன்வலையும் நைலோன் கயிறும். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்று, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு என்று வடக்குக் கரையோரமாக உள்ள சிறு கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிறேன். மாதத்தில் இரண்டு முறையாவது இந்தப் பயணம் இருக்கும். சரக்கு லொறியில் போகும். காசு சேர்க்கவும் ஓடர் எடுக்கவும் நான் காரில் போவேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையிலே பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய் நின்றது. அந்தக் காலத்தில் எனது பழைய வேனைக் கொடுத்துவிட்டு, கையில் கிடைத்த ஜேர்மன் கார் ஒன்றை வாங்கினேன். இன்ஜினைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்த்தேன். டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்க்க மறந்துவிட்டேன். அதற்குக் கீழே ஸ்பெயார் வீல் இல்லை. அதை வைப்பதற்கான குழியும் இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, "ஹாஜியார், இதுக்கு ஸ்பெயார் வீலே தேவையில்லை. காத்துப் போனாலும் ஓடும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

தொண்டைமானாற்றில் நடந்தது

கடந்த மாரியில் ஒரு மாலை நேரம். தொண்டைமானாற்றில் ஒரு கடையில் கணக்கு முடித்துவிட்டுப் புறப்பட்டேன். நல்ல மழை. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் அணையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்க டயர் ஒன்றில் காற்றுக் குறைவு என்பதே அதன் பொருள். ஆனால் கார் வழமைபோலவே ஓடியது. ஒரு பக்கம் இழுக்கவுமில்லை, ஆடவுமில்லை. விற்றவர் சொன்னது ஞாபகம் வந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு அச்சுவேலி வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். 25 கிலோமீற்றர் அளவு இருக்கும். நனையாமல், இருட்டில் இறங்காமல், சட்டையில் அழுக்குப் படாமல் வந்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு சந்தோசம்.

மறுநாள் காலை ஒரு டயர் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி டயரைக் கழற்றவே வெகு நேரம் பாடுபட்டார். பக்கச்சுவர் அவ்வளவு தடிப்பு, அவ்வளவு விறைப்பு. கழற்றி உள்ளே கைவிட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளிக் காட்டினார்.

"நானா, இது ஒரு சின்ன ஆணி. நேற்றே நிப்பாட்டியிருந்தா ஒட்டிப் பாத்திருக்கலாம். காத்தில்லாம ஓடினதால உள்ளுக்க அரைஞ்சு போச்சு. இனி இது சரிவராது."

"இதே டயர் உங்களிடம் இருக்கிறதா?"

"இஞ்ச இதை ஆர் நானா ஸ்டொக் வைக்கிறது? வருசத்துக்கு ரெண்டு பேர் கேப்பினம். கொழும்பிலதான் எடுப்பிக்கோணும்."

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு, அளவு சரியாகக் கிடைத்து, இரவு பஸ்ஸில் போட்டு, கைக்கு வந்து சேர மூன்று நாட்கள் சென்றன. அந்த மூன்று நாட்களில்தான் கோட்டையில் எனக்குச் சரக்குத் தருபவர் புதிய வலைகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். நேரில் போகாதவனுக்குக் கடைசிப் பங்குதான் கிடைக்கும். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருந்த இரண்டு கடைகள் வேறொருவரிடம் வாங்கின. அவற்றில் ஒன்று இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை. ஒரு ஆணியின் விலை என்னவென்று அன்று விளங்கியது.

இந்த டயர் என்ன செய்கிறது?

ரன்ஃப்ளெட் எனப்படும் இந்த டயரில் பெரிய மந்திரம் எதுவுமில்லை. சாதாரண டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது காற்று. காற்றுப் போனால் பக்கச்சுவர் மடிந்து ரிம் தரையில் இருந்துவிடும். ரன்ஃப்ளெட்டில் பக்கச்சுவரைத் தடித்த இறப்பரால் பலப்படுத்தியிருப்பார்கள். காற்றுப் போனாலும் அந்தச் சுவரே சிறிது நேரம் பாரத்தைத் தாங்கும். பொதுவாகச் சொல்லப்படும் எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர் வேகம், 80 கிலோமீற்றர் தூரம். பாரம் கூடினால், வெயில் கூடினால் அதுவும் குறையும். அந்த ஓட்டத்தில் சுவர் மடிந்து நிமிர்ந்து சூடேறி உள்ளுக்குள் அரைபடும். அதாவது அது தன்னைச் செலவழித்துத்தான் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஓடி முடிந்தபின் அதைத் திருத்தலாமா என்பது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அதனால்தான் பெரும்பாலான கம்பனிகள் காற்றில்லாமல் ஓடிய டயரைத் திருத்த வேண்டாம் என்கின்றன.

காற்றுப் போனது சாரதிக்குத் தெரியாமலே போகலாம் என்பதால், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி இல்லாத காரில் இதைப் பூட்டக்கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆணி குத்தினால் இது காப்பாற்றும். குழியின் விளிம்பில் மோதிப் பக்கச்சுவரே கிழிந்தால் காப்பாற்றாது. நமது கரையோர வீதிகளில் இரண்டாவது ஆபத்தும் குறைவில்லை.

இது புதிய யோசனையுமல்ல. 1970களில் டன்லொப் கம்பனி டெனோவோ என்ற பெயரில் இத்தகைய டயரை இங்கிலாந்தின் மினி 1275 ஜீடி போன்ற கார்களுக்குக் கொடுத்தது. 1997இல் அமெரிக்காவின் கோர்வெட் கார் ஸ்பெயார் வீல் இல்லாமல், குட்இயர் ரன்ஃப்ளெட்டுடனேயே வந்தது. 2000க்குப் பின் பீஎம்டபிள்யூ தனது பெரும்பாலான கார்களுக்கு இதைப் பூட்டியது. ஆனால் அதே கம்பனி தனது வேகக் கார்களான எம்3, எம்5 ஆகியவற்றுக்குச் சாதாரண டயரையே கொடுத்து வந்தது. ஓட்டத்தின் தரம் முக்கியமான இடத்தில் செய்தவர்களே இதை வைக்கவில்லை என்பதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

மிஷெலின் கம்பனியின் பெக்ஸ் முறை நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் பெரிய பாடம். ரிம்முக்குள் ஒரு வளையத்தை வைத்து, காற்றுப் போனால் அந்த வளையத்தில் வண்டி நிற்கும்படி செய்தார்கள். நல்ல யோசனைதான். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் ஹொண்டா ஒடிசி வேன் ஒரு வகையில் இது வந்தது. ஆனால் அதைக் கழற்றிப் பூட்டத் தனி மெசின் வேண்டும். அந்த மெசின் எல்லாக் கடைகளிலும் இல்லை. வாங்கியவர்கள் டயருக்காக அலைந்தார்கள், வழக்கும் போட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த முறை புதிய கார்களிலிருந்து மறைந்துவிட்டது. பொருள் பழுதானதல்ல, பொருளைப் பராமரிக்கும் வலையமைப்புத்தான் இல்லாமல் போனது. அமெரிக்காவிலேயே இப்படி என்றால் யாழ்ப்பாணத்தில் எப்படி இருக்கும்?

80 கிலோமீற்றர் எங்கே கொண்டுபோய் விடும்?

இந்தக் கேள்வியைத்தான் நான் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கிலோமீற்றர். இடையில் கிளிநொச்சி. ஏ9 வீதியில் எந்த இடத்தில் காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றருக்குள் ஏதோ ஒரு பட்டினத்தை அடைந்துவிடலாம். அந்த அளவில் இந்த டயர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறது. ஆனால் அடைந்த பட்டினத்தில் அந்த டயர் இல்லை. டயர் இருப்பது கொழும்பில். 80 கிலோமீற்றர் நம்மை ஊருக்குக் கொண்டுபோகிறது, டயருக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்டுட்காட்டிலோ மியூனிக்கிலோ அந்த வட்டத்துக்குள் பத்துக் கடைகள் இருக்கும். அந்த ஊரின் கணக்கை வைத்துச் செய்த பொருளை, அந்த ஊர் இல்லாமல் நாம் தனியாக வாங்கி வந்திருக்கிறோம்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஓடிய வாகனங்களைப் பற்றி, அந்த வருடங்களில் அங்கேயே இருந்த நண்பர்கள் சொல்வார்கள். பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்படி ஓடியவை புதிய கார்களல்ல. ஒஸ்டின் சமர்செட், ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழசுகள்தான். அவற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது என்னவென்று ஊர்க் கராஜ்காரருக்கு விளங்கியது. ஒரு பொருள் எவ்வளவு நல்லது என்பதைவிட, பழுதானால் யார் திருத்துவார் என்பதே கஷ்ட காலத்தில் அதன் பெறுமதி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மனக்கசப்பில் முடிவெடுப்பது வியாபாரிக்கு அழகல்ல. ஆகவே கணக்குப் போட்டேன். கீழே உள்ளவை விளங்குவதற்காக எடுத்த வட்டமான தொகைகள். உங்கள் காரின் அளவுக்கு விலை கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ரன்ஃப்ளெட் ஒன்று 90,000 ரூபா என்று வைப்போம். நான்கும் 360,000. அவை 36,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 10 ரூபா. சாதாரண டயர் ஒன்று 50,000 ரூபா. நான்கும் 200,000. அவை 40,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 5 ரூபா. மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மாதத்துக்கு 10,000 ரூபா வித்தியாசம். சாதாரண டயருக்கு மாறினால் ஸ்பெயார் டயரும் ரிம்மும் 70,000, ஜக், காற்றுப் பம்ப், ஒட்டும் சாமான்கள் 20,000, ஆக மேலதிகமாக 90,000 ரூபா செலவு. அது ஒன்பது மாதத்தில் திரும்பி வரும்.

இதில் ஆணிகளைச் சேர்க்கவில்லை. சாதாரண டயரில் ஆணி குத்தினால், காற்றில்லாமல் ஓட்டாத வரை, எந்தச் சந்தியிலும் சொற்பக் காசில் ஒட்டலாம். ரன்ஃப்ளெட்டில் ஓட்டிப் போனால் ஒரு ஆணிக்கு ஒரு டயர். போதாததற்கு, மற்றப் பக்க டயர் தேய்ந்திருந்தால் சோடியாக மாற்றச் சொல்வார்கள்.

மறுபக்கமும் உண்டு

இங்கே நிறுத்திவிட்டால் நான் ஒருபக்கக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவேன். வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சான் அதே வகைக் கார் வைத்திருக்கிறார். அவர் ரன்ஃப்ளெட்டை மாற்றப்போவதில்லை என்கிறார். "மச்சான், உங்கட கணக்கில ஆள் எங்க இருக்கு? என்ட மகள் இரவு பத்து மணிக்கு வேலை முடிஞ்சு தனிய வாறா. அவ ரோட்டில இறங்கி ஜக் அடிக்கணுமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கொழும்பில் அவருடைய 80 கிலோமீற்றருக்குள் டயர் இருக்கிறது. அவருக்கு அந்த டயர் சரி.

என் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. மனைவி கேட்டா: "அண்டைக்கு மழையில அந்த இருட்டில டயர் மாத்தியிருப்பீங்களா? உங்கட முதுகுக்கு அது ஏலுமா?" உண்மையைச் சொன்னால், ஏலாது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கையில் சேர்த்த காசும் இருந்தது. அன்று அந்த டயர் என்னைக் காசுடன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை நான் மறுக்கக்கூடாது. 90,000 ரூபா டயர் ஒன்றைக் கொடுத்து ஒரு ஆபத்தான அரை மணித்தியாலத்தை வாங்கியிருக்கிறேன் என்றும் சொல்லலாம். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் நடுச்சாமத்தில் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்த அரை மணித்தியாலத்தின் விலை தெரியும்.

ஆகவே கேள்வி எந்த டயர் நல்லது என்பதல்ல. எந்த ஆபத்தை நாம் நமது பழக்கத்தால் குறைக்கலாம், எந்த ஆபத்தை நம்மால் குறைக்கவே முடியாது என்பதுதான். இருட்டில் வீதியில் நிற்கும் ஆபத்தை நான் குறைக்கலாம். நேரத்தோடு புறப்படலாம். மகனையோ கடைப் பையனையோ கூட்டிக்கொண்டு போகலாம். கையில் காசைச் சுமக்காமல் அந்த ஊரிலேயே வங்கியில் போடலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இல்லாத டயரை என்னால் அங்கே உண்டாக்க முடியாது. இந்த இடத்தில்தான் என் முடிவு வந்தது. நான்கையும் மாற்றினேன்.

மாற்றுபவர்களுக்குச் சில வார்த்தைகள்

முதலாவது, நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டு இது, இரண்டு அது என்று கலந்தால் வளைவிலும் பிரேக்கிலும் கார் ஒரே மாதிரி நடக்காது.

இரண்டாவது, அளவோடு பாரக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் பாருங்கள். பக்கச்சுவரில் 91வீ என்று இருந்தால் அந்த டயர் 615 கிலோ தாங்கும், 240 கிலோமீற்றர் வேகத்துக்கு உரியது என்று பொருள். காருக்குக் குறிக்கப்பட்டதைவிடக் குறைந்ததை, விலை மலிவு என்று பூட்டாதீர்கள்.

மூன்றாவது, தயாரித்த திகதியைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கட்டுப்பாட்டுக் காலத்தில் களஞ்சியத்தில் கிடந்த டயரும் புதிய டயர் விலைக்குத்தான் விற்கும்.

நான்காவது, காற்றழுத்தக் கருவியைக் கைவிடாதீர்கள். சில கார்களில் ரிம்முக்குள் உள்ள கருவியை உடைக்காமல் திரும்பப் பூட்ட வேண்டும். சிலவற்றில் டயர் மாற்றிய பின் மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண டயருக்கும் அந்த மஞ்சள் விளக்கு நல்ல நண்பன். நேரத்தோடு சொன்னால் நிறுத்தி ஆணியைப் பிடுங்கலாம்.

ஐந்தாவது, ஸ்பெயார் வீல் இல்லாமல் மாற்றுவது இருந்ததையும் இழப்பது. குழி இல்லாத காரில் அது டிக்கியில் இடம் பிடிக்கும். கட்டி வையுங்கள், பிரேக் அடித்தால் பறக்கும். சில்லு நட்டை ஒரு முறை வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். மாற்றியதைக் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்திருங்கள்.

கடைசியாக, கழற்றிய டயர்களைப் பற்றி. என்னுடைய மூன்று பழைய ரன்ஃப்ளெட்டுகளுக்கு ஒருவர் விலை கேட்டு வந்தார். அவருடைய காரில் காற்றழுத்தக் கருவி இல்லை. ஒன்று ஒரு முறை குறைந்த காற்றில் ஓடியதோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. இரண்டையும் சொன்னேன். வாங்காமல் போய்விட்டார். பொருளின் குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல என்பதை இந்தப் பத்தியில் நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

கருணாகரத் தொண்டைமான் என்ற சோழத் தளபதி உப்பு ஏற்றுவதற்காகத் தொண்டைமானாற்றை வெட்டினான் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அவன் படகுக்காக ஆற்றை வெட்டினான். நம்மால் வீதியை வெட்ட முடியாது. இருக்கிற வீதிக்கும் இருக்கிற கடைக்கும் ஏற்றபடி வாகனத்தை வைத்துக்கொள்ளத்தான் முடியும். இறக்குமதி திறந்த பிறகு பலர் இப்போது கார் பார்க்கிறார்கள். பார்க்கப் போகும்போது டிக்கிப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். பக்கச்சுவரில் ஆர்எஃப்டி, ஆர்எஸ்சி, எஸ்எஸ்ஆர், இசட்பீ போன்ற எழுத்துகள் இருக்கிறதா என்று வாசியுங்கள். இருந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர் டயர் கடைத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்பவர் காரைப் பற்றித்தான் சொல்வார். உங்கள் ஊரைப் பற்றி அந்தத் தம்பிதான் சொல்வார்.